ஏழு இருபதுக்குத் தட்டும் கப்பல்

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை. கனவில்லை. குடிக்கவும் இல்லை, எனக்கு டீயைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் பத்து வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், எழுதாமல் இருக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு. மற்றபடி தேதி, நேரம் எல்லாம் உள்ளது உள்ளபடி. என் கையில் எச்.எம்.டி. வாட்ச் இருந்தது. கடைச் சுவரில் ஒரு கடிகாரமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரம்தான் காட்டின.

என் பெயர் தாண்டவராயன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கடை. பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்கு எரிமலை, அணைக்கட்டு, ராக்கெட், மனித இதயம் எல்லாம் செய்து கொடுப்பேன். அதற்கு முன்னால் சென்னையில் ஆறு வருஷம் வேறு வேலை. கப்பல் கம்பெனிகள் ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் வைத்திருப்பார்களே, அதைச் செய்கிற இடம். அந்த இடத்தை மூடிவிட்டார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். கப்பல் செய்த கை தெர்மோகோலில் எரிமலை செய்தது. அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

1998 ஆகஸ்ட் கடைசி. காலை பத்தரை மணி இருக்கும். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதில் ஒரு அம்மா கடைக்குள் வந்தார். காலில் சேறு காயவில்லை. நேராக வயலிலிருந்து பஸ் ஏறியிருக்கிறார். காவாந்தண்டலம் ஆண்டாளம்மாள். ஐந்து ஏக்கர் நிலத்தைத் தனி ஆளாக நின்று பயிர் வைக்கிறவர்.

"கப்பல் செய்வியாமே தம்பி?"

"செய்வேம்மா. எந்த ஸ்கூலுக்கு?"

"ஸ்கூலுக்கு இல்ல. எங்கப்பாவுக்கு."

மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவையும் மடிப்பு கிழிந்த ஒரு கடிதத்தையும் எடுத்து வைத்தார். போட்டோவில் ஒரு போர்க்கப்பல். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து வங்கக் கடலில் மூழ்கியது. அவருடைய அப்பா பச்சமுத்து அதில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். அப்போது வயது இருபத்துமூன்று.

"அவரு போனப்ப நான் எங்கம்மா வயித்துல நாலு மாசம். தந்தி வந்துச்சாம், கப்பல் முழுகிப் போச்சி, ஆளக் காணம்னு. எங்கம்மா ஒத்துக்கல. ஒடம்பக் காட்டு, தாலியக் கயட்றேன்னு சொல்லிட்டாங்க. அம்பத்தாறு வருசம் பூவும் பொட்டுமா இருந்தாங்க. இந்தச் சித்திரையிலதான் செத்தாங்க. பூ வெச்சித்தான் எடுத்தோம்."

பச்சமுத்துவுக்கு அதுவரை காரியம் செய்யவே இல்லை. உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து வைத்துச் செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். ஆண்டாளம்மாளுக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

"புல்லுல செஞ்ச ஒடம்ப எங்கப்பான்னு எப்பிடி நெனைக்கறது? அவரு கப்பலோட போனாரு. கப்பலச் செஞ்சி குடு. உள்ள அவர வெச்சி எங்க ஏரியில வுட்டுடறோம். எங்கம்மா இத்தினி வருசம் புடிச்சி வெச்சிருந்தாங்க. நானாவது அவர வுட்டுடறேன், தம்பி."

சொல்லும்போது அழவில்லை. கூலி பேசுகிற குரலிலேயே சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். மறுபடியும் ஒரு கப்பல் செய்யப் போகிறேன்!

சென்னைக்குப் போய் பழைய முதலாளியிடமிருந்த ஆங்கிலப் புத்தகத்தில் அந்தக் கப்பலின் படங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். அறுபதில் ஒரு பங்கு அளவு. ஐந்து அடி நீளம். பிளைவுட்டில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வெட்டி, மேலே தேக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினேன். உள்பக்கம் முழுவதும் ஃபைபர் துணி ஒட்டி ரெசின் பூசினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது. பீரங்கிகள், நங்கூரச் சங்கிலி, உயிர்காப்புப் படகுகள், கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் செய்தேன். எரிமலை கேட்டு வந்த இரண்டு வாத்தியார்களைத் திருப்பி அனுப்பினேன்.

பாய்லர் அறையை முழுசாகச் செய்தேன். மேல்தளம் மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் செய்தேன். என் புத்தி அப்படி. பாய்லர், குழாய்கள், மேலே ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி. பாய்லருக்குப் பின்னால் ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு ஒரு வட்ட வழி, அடுத்த அறைக்கு. படத்தில் இருந்தது, செய்தேன். பச்சமுத்து தன் கடிதத்தில் எழுதியிருந்தார்: 'இவ்விடம் வெக்கை தாங்க முடியவில்லை. ஏணியில் ஏறி மேலே தலையை நீட்டினால்தான் காற்று.'

அந்த ஏணி முடிகிற இடத்தில் மேல்தளத்தில் ஒரு சதுர மூடி. என் சுண்டுவிரல் நகத்தின் அளவு. அதற்குப் பித்தளைக் கம்பியில் கீல் வைத்தேன். குண்டூசியால் நெம்பினால் திறக்கும், விட்டால் மூடும். அதைப் பத்து முறையாவது திறந்து மூடி ரசித்திருப்பேன்.

கடைசியாகப் பச்சமுத்துவைச் செய்தேன். செம்புக் கம்பியில் எலும்பு, மேலே பெயிண்டர்கள் பூசுகிற பட்டி. ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு கையும் தொங்க, பாய்லர் முன்னால் நிற்கிற மாதிரி. பாதங்களை அரால்டைட் வைத்துத் தரையில் ஒட்டினேன். காய்ந்த பிறகு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மேல்தளத்தைப் பொருத்தினேன்.

டிசம்பர் 6. ஞாயிற்றுக்கிழமை. ஆண்டாளம்மாள் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். அந்த மூடியைத் திறந்து காட்டினேன்.

"இது தொறக்குதே... தண்ணி பூந்துடாதா?"

"பூரும்மா. கொஞ்ச நேரத்துல முழுகிடும்."

"வேணாம் தம்பி. சனமெல்லாம் வரும். வுட்ட ஒடனே கவுந்துட்டா அசிங்கமாப் பூடும். நல்லா மெதக்கணும், எல்லாரும் பாக்கணும், அப்பறம் போவட்டும். அத ஒட்டிடு."

எனக்கும் அது சரியென்று பட்டது. என் கப்பல் ஐந்து நிமிஷத்தில் கவிழ்ந்தால் எனக்கும்தானே அவமானம். அவர் போனதும் மூடியைச் சாத்தி, நான்கு பக்கமும் அரால்டைட் விட்டு, மேலே பெயிண்ட் பூசினேன்.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து கொடிமரத்து நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

நின்றது. பிறகு ஒன்று மட்டும்.

டக்.

மரம் இறுகுகிறது என்று நினைத்தேன். பனிக்காலத்தில் தேக்கு சத்தம் போடும். மணியைப் பார்த்தது தற்செயல்தான். ஏழு இருபது.

மறுநாளும் ஏழு இருபது. அதே மூன்று. அதே ஒன்று. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, எட்டு மணி வரை. மரம் இறுகினால் இப்படிக் கணக்காக இறுகுமா? எலியாக இருக்கும் என்று கடையைப் புரட்டிப் போட்டேன். எலி இல்லை.

மூன்றாம் நாள் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் கப்பலுக்குள்ளிருந்து வந்தது. நடுப்பகுதியிலிருந்து. அந்த மூடியின் அடியிலிருந்து.

ஒரு தீக்குச்சியை எடுத்து மூடியின் மேல் வைத்தேன். கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

ஏழு பத்தொன்பது. குச்சி அசையவில்லை.

ஏழு இருபது.

டக்... குச்சி துள்ளியது.

டக்... துள்ளியது.

டக்... துள்ளி உருண்டது.

டக். கீழே விழுந்தது.

எடுப்பதற்காகக் கையை நீட்டியபோது விரல் மேல்தளத்தில் பட்டது. சுட்டது. டீ டம்ளரைத் தொட்ட மாதிரி. பாய்லருக்கு நேர் மேலே மட்டும் சூடு. மற்ற இடமெல்லாம் சில்லென்று இருந்தது.

ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? 'தெர்மோகோல்காரனுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சி' என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரிப்பார்கள். மிதக்கிறதா என்று பார்க்கவேண்டிய வேலை வேறு பாக்கி இருந்தது. 10ஆம் தேதி மாலை, கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் கப்பலை விட்டேன். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

ஏழு இருபதுக்குக் கப்பலைச் சுற்றி ஒரு வளையம் கிளம்பியது. விரிந்து தொட்டிச் சுவரைத் தொட்டது. இரண்டாவது வளையம். மூன்றாவது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

பன்னிரண்டாம் தேதி அந்தத் தப்பைச் செய்தேன்.

பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. சத்தம் வந்ததும், 'என்னதான் வேணும் உனக்கு?' என்று கேட்கிற மாதிரி, விரல் நகத்தால் மூடியின் மேல் நானும் தட்டினேன். மூன்று. பிறகு ஒன்று.

உள்ளே நிசப்தம்.

ஒரு நொடி... இரண்டு நொடி...

டக் டக் டக் டக் டக் டக் டக்...

நிற்கவே இல்லை. கணக்கு இல்லை. வேகம்... இன்னும் வேகம்... கப்பலே மேஜை மேல் அதிர்ந்தது. கொடிமரத்தின் நூல்கள் ஆடின. அது கோபம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது சந்தோஷம். மேலே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவனின் தவிப்பு.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

அதற்குப் பிறகு ஆறரைக்கே கடையைச் சாத்திவிடுவேன். பகலில் மட்டும் வேலை. மூடியைச் சுற்றியிருந்த பசையைப் பிளேடு முனையால் கீறினால் போதும். இரண்டு நிமிஷ வேலை. தினமும் பிளேடை எடுப்பேன். தினமும் வைத்துவிடுவேன். திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்ற பயம். இது ஒரு காரணம். பெயிண்ட் கெட்டுவிடும் என்பது இன்னொரு காரணம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவும் ஒரு காரணம்தான்.

1999 ஜனவரி 17. தை அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே முடித்திருக்கவேண்டிய காரியம். அமாவாசை என்பதால் ஐயருக்கு ஊரெல்லாம் வேலை, அவர் வர இரண்டு மணி. கொள்ளி வைக்கிற உரிமை ஆண்டாளம்மாளின் மகன் செல்வத்துக்கு. ஓசூரிலிருந்து அவன் வந்த பஸ் வழியில் நின்று, ஊர் சேர நாலு இருபது. நாலரைக்கு ராகுகாலம் பிடித்துவிட்டது. ஆறு மணி வரை எல்லாரும் ஏரிக்கரையில் காத்திருந்தோம். பிண்டம் வைத்து, மந்திரம் சொல்லி, கப்பலின் முன்பக்கத்தில் சூடம் ஏற்றி முடிக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. யாரோ ஒரு பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார்கள்.

கப்பலைத் தண்ணீரில் விட்டோம். கரையில் நாற்பது பேர் நின்றார்கள். மிதந்தது. எவ்வளவு அழகாக மிதந்தது தெரியுமா... 'அசல் கப்பல்டா' என்று யாரோ சொன்னார்கள். நான் பெருமையோடு நின்றேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. கப்பல் மூழ்கவில்லை.

எப்படி மூழ்கும்? ஒரு சொட்டு நுழையாதபடி செய்தவன் நான்தானே. மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறி மூழ்கும் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. மூங்கிலால் அழுத்திப் பார்த்தார்கள். உள்ளே போய் மறுபடி மேலே வந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆண்டாளம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்கப்பா போவமாட்டேன்றாரே..."

"கல்லைக் கட்டுங்கோ, நேரம் ஆறது" என்றார் ஐயர்.

இருசப்பனைக் கூப்பிட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பு. அந்த ஏரியில் லாரி டியூபில் மிதந்து மீன் பிடிக்கிறவர். ஏரியின் ஆழம் அவருக்குத்தான் தெரியும். ஒரு கருங்கல், ஒரு கயிறு, கப்பல் எல்லாவற்றோடும் அவர் டியூபில் போனார். கட்டுகிற இடம் காட்டுவதற்கு நானும் இன்னொரு டியூபைப் பிடித்துக்கொண்டு போனேன். கரையிலிருந்து அறுபது அடி தூரம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் லேசாகத்தான் எட்டியது.

இருசப்பன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டென்று கை நின்றது.

டக்... டக்... டக்...

டக்.

நான் வாட்சைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

"இன்னா சார் இது? உள்ள எதுவோ கீது."

"ஒண்ணும் இல்ல. மரம்."

"மரம் இல்ல சார். எலி கிலி மாட்டிக்கிச்சி போல. தொறந்து வுட்டுடலாம். கத்தி கீது எங்கிட்ட."

"வேணாம்."

"எதுவா இருந்தா இன்னா சார், உசுரு தான?"

கரையிலிருந்து ஐயர் கத்தினார். செல்வம் கத்தினான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"கட்டுங்க" என்றேன்.

கட்டினார். கல்லை விட்டார். கப்பல் பின்பக்கமாகச் சாய்ந்தது. முன்பக்கம் நிமிர்ந்தது. போட்டோவில் பார்த்த அதே முன்பக்கம். தட்டுகிற சத்தம் வேகமானது. தண்ணீர் மேல்தளத்தில் ஏறியது... மூடியின் மேல் ஏறியது... சத்தம் தண்ணீருக்குள் போனது. அப்புறமும் கேட்டது. என் தொடையைச் சுற்றி இருந்த தண்ணீரில் அதிர்ந்தது.

மேலே ஒரு குமிழிகூட வரவில்லை.

ஒரு குமிழிகூட இல்லை என்றால், உள்ளே இருக்கிற காற்று உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பின் நான்கு வருஷம் காவாந்தண்டலம் பக்கம் நான் போகவில்லை. 2003இல் மழை பொய்த்தது. மே மாதம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சேறு. 19ஆம் தேதி காலை இருசப்பன் சைக்கிளில் கடைக்கு வந்தார்.

"கப்பல் சேத்துல தெரியுது சார். நான் தொடல. அந்தம்மா அங்கியே குந்திக்கினு கீது. வா."

போனேன். பாதி புதைந்த கப்பலின் பக்கத்தில் ஆண்டாளம்மாள் உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்கிட்ட சொன்னா இன்னா தம்பி. எங்கப்பா போவல. இங்கதான் இருந்தாரு. தெனம் சாயங்காலம் ஏழு இருவதுக்குத் தட்டுவாரு. மதகுக் கல்லு மேல குந்திக்கினு கேப்பேன். நானும் ஒரு கல்ல எடுத்துத் தட்டுவேன். உடனே பதில் வரும் பாரு, அவ்ளோ வேகமா! பொறந்ததுலேர்ந்து பாக்காத அப்பன். இந்த நாலு வருசமாத்தான் பேசிக்கினு கீறேன்."

மண்டியிட்டு, சேற்றைத் துடைத்து, இருசப்பனின் கத்தியால் அந்தப் பசையைக் கீறினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மூடி திறந்தது.

உள்ளே ஈரம் இல்லை. நான் மூடிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

டார்ச் அடித்தேன்.

பாய்லர் முன்னால் ஆள் இல்லை. ஒட்டின பசை இருந்தது. பசையில் இரண்டு பாதத் தடம் மட்டும் இருந்தது.

ஏணியின் உச்சிப்படியில்... என் கண்ணுக்கு மூன்றே அங்குலத்தில்... அவர் நின்றுகொண்டிருந்தார். இடது கை ஏணியைப் பிடித்திருந்தது. வலது கை மேலே தூக்கியிருந்தது.

வலது கைக்கு விரல்கள் இல்லை. மணிக்கட்டு இல்லை. செம்புக் கம்பி முழங்கை வரை தேய்ந்து பளபளவென்று இருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரு கடுகளவு குழி. மரம் வரை போயிருந்தது.

இருசப்பன் பின்னால் நகர்ந்துவிட்டார். "அன்னிக்கே சொன்னேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆண்டாளம்மாள் பயப்படவில்லை. நான் மெல்ல நெம்பி வெளியே எடுத்ததும், கையை நீட்டி அவரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எங்கிட்ட வரத்தான் ஏறி நின்னுக்கினு கீறாரு. இனிமே வுடமாட்டேன்" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் குங்குமப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதில் படுக்க வைத்தார். மர மூடியைச் சாத்தினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கப்பலில் தப்பித்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பழைய முதலாளி மூலமாக விசாரித்தேன். ஒருவர் இருந்தார். சென்னையில், பெரம்பூரில், எண்பத்தோரு வயது. ஜூன் 8ஆம் தேதி போய்ப் பார்த்தேன். நான் கப்பல் மாடல் செய்கிறவன் என்று மட்டும்தான் சொன்னேன். தட்டுகிற சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"குண்டு வுழுந்து தண்ணி பூந்துடுச்சி. பாய்லர் ரூம் மூடிய சாத்துன்னு ஆர்டர். சாத்துனது நான்தான். சாயங்காலம் ஏழு இருவது. கீழ மூணு பேர். மறுபடி தொறக்கலாம்னு பாத்தா, அடுத்த குண்டுல மூடி வளைஞ்சி போயி இறுகிப் போச்சி. கடப்பாறை போட்டும் நகரல. கீழேர்ந்து தட்டுனாங்க."

மேஜை மேல் முட்டியால் தட்டிக் காட்டினார். மூன்று. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

நான் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப... நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? மேலேர்ந்து நானும் தட்டினேன். ஆளு கீதுன்னு தெரியட்டும், தைரியமா இருக்கட்டும்னு. எட்டு மணி வரிக்கும் தட்டிக்கினே இருந்தேன். அப்பறம் கப்பல் போயிடுச்சி."

"மூணு பேருமே போயிட்டாங்களா?"

அவர் முட்டியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ரெண்டு பேர் பொழைச்சாங்க. பாய்லருக்குப் பின்னாடி ஒரு வட்ட வழி கீது. அதுல பூந்து அடுத்த ரூம் வழியா மேல வந்துட்டாங்க. மூணாவது ஆளையும் கூப்ட்டாங்களாம். காலப் புடிச்சி இழுத்தாங்களாம். ஏணிய வுட்டு எறங்கமாட்டேன்னுட்டானாம். மேல தட்றாங்க, ஆளு கீது, இப்பத் தொறப்பாங்கன்னு சொன்னானாம்... நான் தட்டாம இருந்திருந்தா வந்திருப்பான். உத்தரமேரூர்ப் பக்கத்துப் பையன். பச்சமுத்துன்னு பேரு."

அன்று மாலையே பஸ் பிடித்து நேராகக் காவாந்தண்டலம் போனேன். பதிலுக்குத் தட்டவேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். வீட்டு வாசலை மிதிக்கும்போது ஏழு பதினெட்டு. ஆண்டாளம்மாள் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை வாரிப் பூ வைத்திருந்தார். "வா தம்பி, சரியான நேரத்துக்கு வந்த" என்றார்.

ஏழு இருபது.

குங்குமப் பெட்டிக்குள்ளிருந்து... விரலால் தட்டுகிற சத்தம் இல்லை அது. விரல்தான் இல்லையே. கம்பி முனையால் மரத்தைக் குத்துகிற சத்தம்.

டிக்... டிக்... டிக்...

டிக்.

ஆண்டாளம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். விரலை மடக்கிப் பெட்டியின் மேல் பதிலுக்குத் தட்டினார். மூன்று. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

உள்ளே அந்த வேகம் ஆரம்பித்தது.

நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆண்டாளம்மாளுக்கு இப்போது அறுபத்தாறு வயது, நன்றாகத்தான் இருக்கிறார். தனக்குப் பிறகு பெட்டியை என்ன செய்யவேண்டும் என்று செல்வத்திடம் சொல்லி வைத்திருக்கிறாராம். தினமும் ஏழு இருபதுக்கு மறக்காமல் தட்டவேண்டும் என்று.